மெய்ப்பு

பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
ஒற்று மிகும் இடம், மிகா இடம் பார்ப்பேன்.
யார் செத்தார், யார் கொன்றார் என்பதெல்லாம்
என் கூலியில் சேராது.

சைதாப்பேட்டைச் சந்தில் அச்சகம்.
கோட்டை அகழியும் கொதிக்கிற வேலூர் மே மாதம்.
பாலாற்றுக்கு அக்கரைச் சபையொன்றின்
நூற்றைம்பதாம் ஆண்டு மலர்.
எதிரெதிரே இரண்டு நாற்காலி:
யோபு சற்பிரசாதம் ஐயர்;
ஊரீசுக் கல்லூரியில் சரித்திரம் நடத்தி
ஓய்வுபெற்ற எப்சிபா தவமணி அம்மா.
நடுவில் மேசை விசிறி
இருவருக்கும் இல்லை இல்லை என்று
தலையாட்டிக்கொண்டு.

நாற்பத்தோராம் பக்கம், ஐரோப்பா.
‘எரிந்தார்கள்’ என்று ஐயர் எழுதியிருந்தார்.
‘எரித்தார்கள்’ என்று அம்மா திருத்தினார்.
‘மூழ்கினார்கள்.’
‘மூழ்கடித்தார்கள்.’
இரண்டாம் ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு
மூன்றாவதாக ஆற்றையே கொடுத்தார்களாம் சூரிக் நகரத்தில்;
கொடுத்தவன் கையிலும் அதே வேதபுத்தகம்.
“அது அரசாங்கம் செய்தது, சபை அல்ல.”
“தீர்ப்பு எழுதியவன்
ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் உட்கார்ந்தான் ஐயரே?”
“ரோமாபுரியார் நம்மைக் கொன்றதைப் போடுங்கள்.”
“நாம் கொன்றதையும் போடுவோம்,
எதிர்ப்பக்கத்தில், அதே எழுத்தளவில்.”

பர்த்தலமேயு திருநாள் இரவு, பிரான்சு தேசத்தில்
ஐயாயிரமா முப்பதாயிரமா என்று ஒரு சண்டை.
எலுமிச்சைச் சாதம் பிரிப்பதற்குள் தீர்ந்தது:
‘ஆயிரக்கணக்கில்.’
எனக்கும் வசதி.
பூஜ்யம் ஒன்று விழுந்துவிடுமோ என்ற பயமில்லை.

தீராதது நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்.
தாது வருஷப் பஞ்சம். சபையின் சொந்தப் பதிவேடு:
‘ரோமன் சபைக் கஞ்சித்தொட்டியில் குடித்தபடியால்
முத்தன் என்கிற யேசுவடியான் குடும்பம் பேர் ஏழும்
சபையை விட்டு வில   கினது.’
லகரத்தை அடுத்து, அரிசிமணி அகலத்துக்கு,
பூச்சி தின்ற ஓட்டை.

விலகினதா? விலக்கினதா?
அவர்களாய்ப் போனார்களா, இவர்கள் துரத்தினார்களா?
அம்மா உருப்பெருக்கி வைத்தார், அடிக்கோல் வைத்தார்.
ஒரு மெய்க்கு இடமிருக்கிறது என்றார்.
“விலக்கியிருந்தால் ‘குடும்பத்தை’ என்றல்லவா இருக்கும்?
ஐ எங்கே?”
“இந்த உபதேசியார் எந்தப் பக்கத்தில் உருபு போட்டிருக்கிறார்,
காட்டுங்கள்.”
பிரான்சுக்குப் பத்து நிமிஷம்.
இந்த ஏழு பேருக்கு மூன்று நாள்.

மூன்றாம் நாள் ஐயர் குரலைத் தாழ்த்தினார்.
“கையெழுத்துப் போட்ட மூப்பருங்களோட பேரன் பேத்திங்க
இன்னும் முன்வரிசையில உட்கார்றாங்க.
இந்த மலருக்குப் பணமும் அவங்கதான்.”
பிறகு என் பக்கம் திரும்பினார்.
“நீ எங்க சபையும் இல்ல, எந்தச் சபையும் இல்ல.
நீயே சொல்லும்மா.”

இலக்கணம் சொன்னேன்.
ஒற்று இல்லாவிட்டால் தன்வினை, வந்தால் பிறவினை.
இரண்டும் பிழையில்லாத தமிழ்.
அதோடு வாயை மூடியிருக்கலாம்.
அதே தாளில் ஆறு வரி கீழே, செலவுக் கணக்கில்,
பூச்சி தொடாத மையில் கிடந்ததையும் வாசித்தேன்:
‘கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குப் பூட்டு ஒன்று. அணா நாலு.’

விசிறி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.
“ஆடு நுழையும்மா” என்றார் ஐயர்.
“தாது வருஷத்தில் ஆடா?” என்றார் அம்மா.
சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே ஐயர் வந்து நின்றார்,
கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லாமல்.
“ஓட்டையை ஓட்டையாவே அடிச்சிடலாமா?
பூட்டையும் கீழே போட்டுடு.”
அம்மாவிடம் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை.
ஓரெழுத்து அகலம் வெற்றிடம் விட்டேன்.
கணினி தானாகவே இரண்டையும் இழுத்து ஒட்டியது.
மூன்று முறை பிரித்தேன்.

இப்போது உள்ளே இயந்திரம் நின்றிருக்கிறது.
ஈரத் தாளோடு வாசலில் முஜீப்.
“அக்கா, நூத்திப்பன்னெண்டுல ஒரு எழுத்து விழல.
நிறுத்தவா, ஓட்டவா?”