ஒரு லட்சத்து மூன்று

மூவாநல்லூர் நெல் கிடங்கில்
சாயங்காலக் கணக்கு ஒரு லட்சம் மூட்டை.
இணக்கமான எண்.
உடைத்தால் இரண்டும் ஐந்தும்தான் உள்ளே;
முப்பத்தாறு எண்களுக்கு
மிச்சமில்லாமல் வளைந்து கொடுக்கும்.

விளக்குப் போட்டபின் கடைமடையிலிருந்து பவுனம்மாள்.
மொபெட்டில் மூன்று நடை,
நடைக்கு ஒரு மூட்டை.
ஈரப்பதம் சரியாகப் பதினேழு,
தள்ள வழியில்லை.
பதிந்தேன்.

அட்டிக்கு எத்தனை வரிசை என்கிறார் வைரக்கண்ணு.
மூன்றால் வகுத்தேன், ஒன்று மிச்சம்.
ஏழுக்கும் ஒன்றே.
பதினொன்றுக்கு இரண்டு,
பதின்மூன்றுக்கு ஏழு,
பில் புத்தகத்தின் பின்னட்டை தீர்ந்துவிட்டது.
முந்நூற்றுப் பதினாறைத் தாண்ட வேண்டாம்
என்று எப்போதோ படித்தது.
அதற்குள் பகா எண்கள் அறுபத்தைந்து.
மதகு மதகாய்த் தட்டினேன்,
ஒரு பலகையும் அசையவில்லை.

வெண்ணாறே நீடாமங்கலத்தில் மூன்றாகிறது.
கோரையாறு, பாமணி, அப்புறம் வாய்க்கால், கன்னி, வரப்பு...
பிரிந்து பிரிந்தே பிழைக்கிற மண்ணில்
பிரியமாட்டேன் என்று
என் பேரேட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"மூணையும் தனியா வச்சிரவா?"

ரசீதுக்கு நிற்கிறாள் பவுனம்மாள்,
முந்தானையில் உமி.

"மேலேயே போடுங்க."

விடியலில் பார்த்தேன்.
அட்டியின் உச்சியில், ஓர் ஓரமாய்,
தார்ப்பாய் அங்கே மட்டும் புடைத்திருந்தது.