தெள்ளுக் கோரை

ஜூன் தொடக்கத்தில் உர்வே வந்தபோது
கோரைக்கு இன்னும் பெயர் வந்திருக்கவில்லை.
காய் முற்றினால்தான் சொல்ல முடியுமாம்.
சாரேமா தீவின் மேற்குக் கரையில்
எல்மாரின் சதுப்பில்
குப்புறப் படுத்து
ஒரு கண்ணை லென்சுக்குக் கொடுத்துவிட்டு
பாதிப் பகல் கிடந்தாள்.
கோரை என்றால் தண்டில் மூன்று பட்டை,
விரலுக்கிடையில் தட்டும்.
இதுவோ வழுக்கி உருள்கிறது.
உயரம் ஒரு சாண்.
"மூன்று வாரம் கழித்து வருகிறேன்.
அதுவரை எதையும் தொடாதீர்கள்."

எல்மாருக்கு அங்கே வாய்க்கால் வெட்டி
தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு
பார்லி விதைக்க வேண்டும்.
கடன் வாங்கியாயிற்று.
கொட்டிலுக்குப் பின்னால் நீலக் குழாய்கள்
அடுக்கிக் கிடக்கின்றன.
ஒரு சாண் புல்,
அதுவும் பெயரில்லாத புல்,
ஒரு மனிதனை மூன்று வாரம் நிறுத்திவைக்குமா?

யோவான் திருநாள் தீ அணைந்து
ஊர் போதையில் உறங்கிய விடியலில்
டிராக்டரின் பின்னால் புல்வெட்டியை மாட்டி
இறங்கினான்.
மூன்று சுற்று நன்றாகத்தான் போயிற்று.
நான்காவதில் பூமி வாயைத் திறந்தது.
முடுக்க முடுக்க
இன்னும் உள்ளே.

சங்கிலி கொண்டுபோனவன் நான்தான்.
என் வண்டியும் வழுக்கியது.
மறுநாள் மழை. அதற்கு மறுநாளும்.
பலகை போட்டோம்,
பன்றிக் கொட்டிலின் பழைய கதவையும் போட்டோம்,
சதுப்பு ஒரு நன்றிகூடச் சொல்லாமல்
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

உர்வே வந்தாள்.
மொட்டையடித்த சதுப்பைப் பார்த்தாள்.
நடுவே, அச்சுவரை புதைந்த
சிவப்பு டிராக்டரைப் பார்த்தாள்.
எல்மார் தொப்பியைக் கழற்றினான்,
மறுபடி போட்டுக்கொண்டான்.

கத்தி படாத இடம் ஒன்றே ஒன்று:
வண்டியின் வயிற்றுக்கடியில்,
ஒரு பாய் விரிக்கும் அளவு.
அவள் ஊர்ந்து உள்ளே போனாள்.
கொஞ்ச நேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
பிறகு நாங்களும் குனிந்தோம்.

பழுப்புக் காய்கள்
எண்ணெய் மினுக்கோடு
தலைகீழாய்த் தொங்கின.
அவள் விரல் நுனி பட்டதும்
ஒன்று குதித்தது.
காற்றில்லை, சத்தியமாய்ச் சொல்கிறேன்,
குதித்தது.

"எங்கள் நாயின் காதில் இருப்பது போலவே"
என்றான் எல்மார்.
"தெள்ளுக் கோரை. அதுதான் பெயர்"
என்றாள் வண்டிக்கு அடியிலிருந்து.

நீர் தங்கும் நிலம் என்று
எஞ்சின் மூடிமேல் தாளை வைத்து எழுதினாள்.
புதைந்த சக்கரத்தையும் ஒரு படம் எடுத்தாள்.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
சாட்சி என்ற கட்டத்தில்
என் கையெழுத்து.

இரவு வீட்டில்
கால்சட்டையின் மடிப்பை உதறினேன்.
சேறு, ஒரு திருகாணி,
நான்கு பழுப்பு விதைகள்.
நான் யாரிடமும் சொல்லவில்லை,
என் கொல்லையின் கோடியிலும்
எப்போதும் ஈரமாய் ஒரு பள்ளம் உண்டு.
எல்மாரின் நீலக் குழாய்களுக்கு
பாதி விலை பேசி முடித்திருந்தேன்.

விதைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கதவருகே நிற்கிறேன்.
எதிரே அடுப்பு எரிகிறது.
வெளியே, ஜூலை வானம்
இன்னும் இருட்டவில்லை.