எட்டு நிமிடம் மிச்சம்

சிவாஸிலிருந்து கங்கால் போகும் சாலையில்
முதல் கம்பம் உங்கள் நம்பர் பலகையைப் படிக்கும்.
முப்பது கிலோமீட்டர் தள்ளி
இரண்டாம் கம்பம் மறுபடி படிக்கும்.
நடுவில் பறந்தீர்களா உருண்டீர்களா
என்று கேட்காது.
தூரத்தை நேரத்தால் வகுக்கும்.
தொண்ணூறைத் தாண்டினால் வீட்டுக்குக் கடிதம்.

இரண்டாம் கம்பத்துக்கு நானூறு மீட்டர் முன்னால்
என் தேநீர் வண்டி.

முதல் வருடம் ஈ ஓட்டினேன்.
ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள், கூடவே நாய்கள்.
நாய்கள் காசு கொடுப்பதில்லை.
பிறகு ஊரெல்லாம் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.
பிறகு கணக்கு தெரிந்த ஒருவன்
கிறீச்சென்று பிரேக் போட்டு இறங்கி
"அக்கா, எட்டு நிமிடம் இங்கே கழிக்கணும்" என்றான்.

இப்போது பானெட்டில் கை வைத்தே சொல்லிவிடுவேன்.
நூற்றிருபதா, ஐந்து நிமிடம், ஒரு குவளை.
நூற்றைம்பதென்றால் எட்டு, ஒன்றரைக் குவளை.
நூற்றெண்பதில் வந்த பல் மருத்துவர்
பத்து நிமிடமும் நின்றபடியே குடித்தார்,
உட்கார நேரமில்லையாம்.

உயிரைக் கொடுத்து மிச்சம் பிடித்ததை
என் மேசையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.
அரசு நட்டது இரண்டு கம்பம்.
வண்டியை நிறுத்துவது என் அடுப்பு.

லாரிக்கார ஹிதிர் மட்டும் நிற்கமாட்டான்.
சரியாக எண்பதில் வருவான், ஹார்ன் அடிப்பான், போவான்.
அவன் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி.
எஞ்சின் அணைந்த மூன்றாம் நிமிடம்
அங்காராவில் ஏதோ ஒரு திரையில்
பச்சைப் புள்ளி சிவப்பாகுமாம், போன் அடிக்குமாம்.
ஒருநாள் என் வண்டிக்கு எதிரிலேயே டயர் வெடித்தது.
என்ன சந்தோஷம் அந்த மனிதனுக்கு!
கிழிந்த ரப்பரை நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்பிவிட்டு
நாலு குவளை குடித்தான், கால் நீட்டி,
செருப்பைக் கழற்றிவிட்டு.

நவம்பரில் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்தது.
கெய்சேரிப் பலகை. பக்கத்து இருக்கையில்
நாடா கட்டிய கோப்பு.
"எவ்வளவு?" என்றார்.
தொட்டுப் பார்த்து ஏழு நிமிடம் என்றேன்.
"நாலு மணிக்குள் நோட்டரி. அண்ணன் காத்திருக்கிறான்,
நிலத்தில் கையெழுத்துப் போட."

ஏழு நிமிடம் ஆனது, சொன்னேன்.
தலையாட்டினார்.
இன்னொன்று ஊற்றச் சொன்னார்.
போன் துடித்தது. கவிழ்த்து வைத்தார்.
அது மரப்பலகையில் தவழ்ந்து தவழ்ந்து
சர்க்கரைக் கிண்ணத்தில் போய் முட்டியது,
நான்தான் நகர்த்தி வைத்தேன்.
பின்னால் வந்தவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்,
அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும்.
நாலு அடித்தது. காற்று எழுந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை, அவர் எதுவும் சொல்லவில்லை.
அடுப்பை அணைக்கும்போது எழுந்து
கோப்பை டிக்கிக்குள் போட்டார்,
சாலைக்கு அடியில் ஆடுகள் போகும் சுரங்கவழியாகக்
காரை ஓட்டி அந்தப் பக்கம் ஏறி
வந்த திசையிலேயே போய்விட்டார்.
கூரையில் ஆட்டுப் புழுக்கை வாசம் ஒட்டியிருக்கும்.

மறுநாள் காவல்காரப் பையன் எம்ரகான்
தேநீருக்கு வந்தான், சொன்னேன்.
கண் சுருக்கி யோசித்தான்.
"அப்படியென்றால் இயந்திரத்துக்கு அவர் இன்னும் உள்ளேதான், அக்கா.
நுழைந்தார். வெளியேறவில்லை."

விரல் விட்டு எண்ணினோம்.
முப்பது கிலோமீட்டர், ஒரு முழு நாள்:
மணிக்கு ஒன்றேகால்.
சினை ஆடு இதைவிட வேகமாக நடக்கும்.
நாளைக்கு இதில் பாதி.
பனி விழும் மாதம் வரை போனால்
எங்கள் இருவருக்கும் தெரிந்த எண்கள் போதவில்லை.

"இவ்வளவு மெதுவாகப் போவதற்கு
அபராதம் உண்டா?" என்றேன்.
தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.
சட்டத்தில் பார்க்கணும் என்றான்.
அதற்குள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கார்,
கண்ணை மூடித் திறப்பதற்குள் கிட்டத்தில்.

நூற்றறுபது இருக்கும்.
குவளையைக் கழுவினேன்.