இருபத்தெட்டுக் கால்

"கரையில நல்லாத்தான் ஓடுது, ரெஜிலா.
கடலுக்குப் போனா நாப்பது பாகத் தண்ணிய
நாலுன்னு காட்டுது.
நாலு பாகத்துல எவன் வலை போடுவான்?"
ததேயுஸ் ஆழம் பார்க்கும் மிஷினை
மேசையில் வைத்தார், நனைந்த துணியோடு.

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே,
வலைக்கடைக்கு மேல் மாடி.
மூடியைத் திறந்தால் உள்ளே கொஞ்சம் உப்பு,
நடுவில் இருபத்தெட்டுக் கால் சிப்,
கறுப்பு சாக்கெட்டில்.

சாக்கெட் இல்லாமல் நேரே பற்றவைத்து
முதல் வருஷம் மூன்று சிப்பைச் சுட்டவள் நான்.
பிறகுதான் புரிந்தது:
சூட்டையெல்லாம் சாக்கெட் வாங்கிக்கொள்ளும்.
சிப் பந்தி விரித்தபின் வரும் சம்பந்தி,
ஆறியபின் வந்து அமரும்.

என் டப்பாவில் தகட்டுக் கால் உண்டு,
மலிவு, இரண்டு மழைக்காலம் கண்டால் பச்சை பிடிக்கும்.
உருண்டைக் குழி உண்டு, உள்ளே பொன் பூச்சு,
நாகர்கோவிலில் கேட்டால்
திருவனந்தபுரத்துக்குக் கை காட்டுவார்கள்.
நெம்பு வைத்தது ஒன்றே ஒன்று.
தூக்கினால் விடும், தாழ்த்தினால் பிடிக்கும்.
அதில் யாரும் நிலைத்து இருப்பதில்லை;
புரோகிராம் ஏறும்வரை தங்கும் லாட்ஜ்.

மீட்டர் வைத்தேன். எல்லாம் சரி.
பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான்
ஒரு ஓரம் நகக்கனம் எழும்பியிருந்தது.
என்ஜின் அதிர அதிர
தினம் ஒரு மயிரிழை
எழுந்து போயிருக்கிறது,
யாரும் கூப்பிடாமலே.

கட்டைவிரலால் அழுத்தினேன்.
நறுக்.

"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான். திரும்பவும் எழும்பும்.
பற்றவைத்துவிடவா? அசையாது.
ஆனா நாளைக்கு அது செத்தா
போர்டையும் சேர்த்துத் தூக்கிப் போடணும்."

அவர் பேசவில்லை.
சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் தங்கூசி எடுத்தார்.
சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் இடையே
நூல் நுழையத்தான் இடமிருந்தது.
நுழைத்து, சிப்பின் முதுகில் கொண்டுவந்து,
இரண்டு முனையையும் பல்லால் இழுத்து
ஒரு வலைமுடிச்சு.
சிப்பை ஆட்டிப் பார்த்தேன்.
ஆடவில்லை.

நூறு கேட்டேன். ஐம்பது வைத்தார்.
"மீதி முடிச்சுக்கு."

அந்த வாரமே இன்னும் இரண்டு மிஷின் வந்தது,
இரண்டிலும் அதே எழுச்சி.
கீழே இறங்கி ஒரு சுருள் தங்கூசி வாங்கினேன்.
சாக்கெட் டப்பாவிலேயே கிடக்கிறது.
முடிச்சுதான்
எனக்கு இன்னும் சரியாக விழவில்லை.