ஈர அட்டை

எங்கள் வீடு மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்று.
மேல்தெருவில் என் வாசல்,
கீழ்த்தெருவில் வெண்டியின் வாசல்.
அவள் கூரை என் தரை.
ஹெப்டன் பிரிட்ஜில் இப்படித்தான்,
நிலம் போதாமல் தெருவையே மடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

வெண்டி கிரீன்வுட் பிளம்பர்.
அவளுடைய நிலவறையில் குழாய்த் துண்டுகளுக்கு நடுவே
அட்டைப்பெட்டிகளில் கறுப்பு பீர்,
பதினொன்றரை சதவீதம்,
தார் ஊற்றுவதுபோல் விழும் ஸ்டவுட்.
ஒவ்வொரு லேபிளின் ஓரத்திலும் பென்சிலால் ஆண்டு.
"இப்போது குடித்தால் சண்டைக்கு வரும்.
அஞ்சு வருஷம் விடு, பேசப் பழகிவிடும்" என்பாள்.

நான் பார்மசிஸ்ட்.
தேதி பார்த்துப் பிழைக்கிறவன்.
நேற்றோடு முடிந்த சிரப்பை
இன்று என் கையால் எடுத்துத் தர முடியாது.
பீரையும் வாங்கிய அன்றே திறப்பேன்,
வறுத்த பார்லியும் காப்பிக்கொட்டைக் கருகலும்
ஹாப்பின் பச்சைக் கசப்பும்
நாக்கின் ஓரத்தில் உரசும்போதே.
அந்தக் கசப்புதான் முதலில் செத்துப்போவது.
எங்கள் பக்கத்தில்
கள்ளுக்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று
அவளுக்கு மொழிபெயர்க்கப் பார்த்தேன்.
"கஞ்சி என்றால்?" என்றாள்.
அதோடு போயிற்று.

ஒருதடவை எட்டு வருஷத்துப் பாட்டிலைத் திறந்து
ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கம் தள்ளினாள்.
பேரீச்சை, அத்தி, கருப்பட்டிப் பாகு,
அடியில் எங்கோ புளி.
தேறல் என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.
தேறுவது என்றால்
வண்டல் இறங்கித் தெளிவது,
காய்ச்சல் விட்டு எழுந்து உட்காருவது,
முப்பத்தைந்து மார்க்கில் தப்பிப்பதும்தான்.
வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை.
அடுத்த வாரமே இன்னொன்று
சோயா சாஸாக ஊற்றியது.
"தேறாத கேஸும் உண்டு" என்றேன்.
அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றிருக்கிறது என்றாள்:
ஈர அட்டை.
காற்றுப் புகுந்த பழைய பீருக்கு
மழையில் நனைந்த பெட்டியின் வாசம் வருமாம்.
வந்தால் சிங்க்கில் ஊற்றிவிட வேண்டியதுதான்.

பிப்ரவரியில் கால்டர் ஆறு
கதவைத் தட்டாமல் வந்தது.
சைரன் அடித்தபோதே நிலவறையில் இடுப்பளவு.
வெண்டி பம்பைத் தூக்கிக்கொண்டு
யார்யார் வீட்டுக்கோ ஓடினாள்.
சொந்த நிலவறைக்கு வந்தபோது சாயங்காலம்.
பெட்டிகள் கூழாகிப் பிய்ந்து
பாட்டில்கள் சேற்றில் படுத்திருந்தன.
ஒன்பது தேறின.
லேபிள் எல்லாம் உரிந்து ஆற்றோடு.
போன மாதம் வாங்கியது எது,
அவள் மகன் பிறந்த வருஷத்தது எது?
ஒரே மூடி, ஒரே கண்ணாடி, ஒரே சேறு.

மின்சாரம் இல்லை.
என் சமையலறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து
ஒன்றைத் திறந்தோம்.
அவள் மோந்தாள். நான் மோந்தேன்.
ஈர அட்டை.
பீரா,
தரைப்பலகை இடுக்கில் ஏறிவந்த அவள் வீடா,
அவள் சட்டையா, என் கையா?
தெரு முழுக்கவே அன்று ஈர அட்டைதான்.
"முதிர்ந்தது, நன்றாயிருக்கிறது" என்றேன் நான்.
"புதுசு, பச்சையாகக் கடிக்கிறது" என்றாள் அவள்.
விட்டுக்கொடுக்கிறோமா
நாக்கு செத்துவிட்டதா, தெரியவில்லை.
சிங்க்கில் யாரும் ஊற்றவில்லை.

மீதி எட்டும் இப்போது என் படுக்கையறை அலமாரிமேல்.
ஆறு எட்டாத உயரம் அதுதானாம்.
குளிர்ச்சி வேண்டுமென்று
அந்த அறை ரேடியேட்டரை அவளே மூடி
சாவியையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.
எட்டில் எதற்கும் தேதி இல்லை.
கடையில் என்றால் குப்பைக்கூடை.
இரண்டு போர்வைக்குள்
கீழே அவள் சுவரை உலர்த்தும் மெஷின் இரைவதைக் கேட்டபடி
அண்ணாந்து படுத்திருக்கிறேன்.
சனிக்கிழமை ஒன்றைத் திறக்கலாம் என்றிருக்கிறது.
போன சனிக்கிழமையும்
அப்படித்தான் இருந்தது.