இரண்டாவது குடிநீர் இணைப்பு கோரும் மனு

டிக்கெட் பத்து ரூபாய். கேமராவுக்கு இருபது.
போனும் கேமராதானா என்று கேட்டேன்.
பையன் யோசித்துவிட்டு
"எடுக்கலீன்னா இல்லீங்க" என்றான்.

முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர்
நல்லசேனாபதி நினைவில்லம்.
நான் சுற்றிப் பார்க்க வரவில்லை.
கழிப்பறைக்குத் தண்ணீர் பத்தவில்லை,
இன்னொரு இணைப்பு வேண்டுமென்று
அறக்கட்டளை மனுக் கொடுத்திருக்கிறது.
இடத்தைப் பார்த்தால்தான் தீர்மானம் போடலாம்.
அதைச் சொல்வதற்குள் சீட்டைக் கிழித்துவிட்டான்.
கிழித்த சீட்டு வீணாகக் கூடாது. உள்ளே போனேன்.

முன்வாசல் வழியாக.

(எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன்,
அதற்கு ஒரு தனி வரி கொடுத்திருக்கிறேன்.)

கூடத்தில் அவர் நாற்காலி, குறுக்கே சிவப்புக் கயிறு.
"இதுல உக்காந்துதானுங்க ஊரு நாயம் பூராப் பேசுவாங்களாமா."
கயிற்றில் ஓர் அட்டை: தொடாதீர்கள்.
அந்தச் சொல் இந்த வீட்டில்
எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கி
இன்றுதான் பார்க்கிறேன்.
பெருந்துறையிலிருந்து கார் போட்டு வந்த குடும்பமும்
கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றது.
கை நீட்டிய குழந்தைக்கு ஓர் அடி விழுந்தது.

சுவரில் ஒரு தோல்பறி.
'கவலை இறைத்தது, சுமார் 1958.'
தையலெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
எங்கப்பனுக்குப் பீச்சாங்கை.
பையனிடம் சொல்லவில்லை. அட்டையிலும் இடமில்லை.

கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டி.
மூக்குக் கண்ணாடி, வெற்றிலைச் செல்லம்,
வாய்க்கால் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய வெள்ளிக் கத்தரி,
நடுவில் பஞ்சாயத்து முத்திரை.
மரப்பிடி. ரப்பரில் ஊர்ப்பெயர் புரண்டு கிடக்கிறது.
"இத ஒரு நாளும் அடுத்தவிங்க கையில குடுக்க மாட்டாங்களாமா.
தூங்கறப்பக்கூடத் தலமாட்டுலதானுங்க."
குனிந்து வெகுநேரம் பார்த்தேன்.
என் மூச்சு கண்ணாடியில் படிந்தது.
பையன் துண்டெடுத்துத் துடைத்தான்.

என் முத்திரைக்கு ஊதா பிளாஸ்டிக் பிடி.
பதவியேற்ற அன்று அரை மணி நேரம் கையில் இருந்தது.
ரெண்டு வருசம் நாலு மாசமாகத்
துணைத்தலைவர் வீட்டு டிவி ஸ்டாண்டில்,
டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில்.
"பத்திரமா இருக்கட்டும் புள்ள,
வேணுங்கறப்ப ஆள உட்டுக் கேளு."
எப்போது வேணும் என்பதையும் அவரே சொல்லுவார்.
நல்லசேனாபதி நாலு தேர்தல் ஜெயித்தார்.
நான் ஒன்று. அதற்குப் பேர் சுழற்சி.

வெளியே வரும் வழியில் பார்வையாளர் ஏடு.
பெயர்: ம. பழனாத்தாள்.
ஊர்: இதே ஊர்.
பதவி:
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிச் சூடாக்கி எழுதினேன்.
தலைவர்.

எட்டிப் பார்த்த பையன் எழுந்து நின்றான்.
டிக்கெட் காசைத் திருப்பித் தரட்டுங்களா என்று தவித்தான்.
"அதிகாரிங்க வந்தா சீலும் வெப்பாங்க.
கொண்டாரலீங்களா?"
"ஊட்டுல இருக்குது."
யார் ஊட்டில் என்று அவன் கேட்கவில்லை.

பின்புறம் போய்க் குழாயைத் திறந்தேன்.
மனுவில் பொய் இல்லை.
நூல் பருமன்தான் வருகிறது.
கொடுக்க வேண்டியதுதான்.

ஆளை விடவில்லை. நானே நடந்தேன்,
துணைத்தலைவர் வீட்டுக்கு.
பாதி கிழிந்த சீட்டு இன்னும் கையில்.
அந்த வீட்டுக்கு
டிக்கெட் போடுவதில்லை.