இரவு பத்து மணிக்கு உச்சிவெயில்

தரை தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி.
பிரேமனில் மூன்றாம் மாடி, நூறு வருஷத்துப் பலகை.
நான் செருப்போடு நடந்தாலே
கீழ்வீட்டு ஓல்ட்மான்ஸ்
துடைப்பக் கட்டையால் இடிப்பார்.

இருநூறு லிட்டர் தொட்டி கேட்டுத்தான் போனேன்.
கடைக்கார டியர்க் ரசீதின் பின்பக்கம் கூட்டினார்:
நீர், உப்பு, பாறை, மணல், கண்ணாடி, மேசை.
தொகையைச் சொல்லாமல் என் பக்கம் திருப்பினார்.
அறுபதோடு வந்தேன்.
கனசதுரம்.
ஒரு பக்கம் என் முழங்கை நீளம்கூட இல்லை.

விளக்குக்குத்தான் மூன்று வாரம்.
வெறும் நீலத்தில் பவளமெல்லாம்
அக்டோபர் சந்தை ராட்டினமாய் மினுங்கிற்று.
வெறும் வெள்ளையில்
பல் பிடுங்கக் காத்திருந்தது.
இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மூன்றாவது
என் சைக்கிளைவிட விலை.
சைக்கிளை விற்றேன்.

மாலை ஷிஃப்ட் டிராம் ஓட்டுகிறவள் நான்.
அதனால் என் கடலுக்கு
அந்தி ஐந்துக்கு விடியல்,
பத்துக்கு உச்சி.
சீருடை கழற்றாமல் முன்னால் உட்கார்ந்தால்
வெளியே ஆலங்கட்டி மழை,
உள்ளே பட்டாணியளவு ஒரு வாய்
திறக்கலாமா என்று யோசிக்கும்.

நேற்று கதவு தட்டினார் ஓல்ட்மான்ஸ்.
தெருவெல்லாம் நீலம், என்ன இது என்றார்.
பார்த்தார். குனிந்தார்.
மூக்குக்கண்ணாடியை எடுத்துவரக் கீழே போய்
மறுபடி ஏறி வந்தார்.

நள்ளிரவில் கேட்டார்: எவ்வளவு எடை?
பாதியைச் சொன்னேன்.
அவர் கட்டில் எந்த மூலையில் என்று
நான் கேட்கவில்லை.